ஒரு சோடிக் காப்பு

எங்கள் சபை ஐக்கியத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டு, கடைசிப் பாட்டு முடியுமுன்னே எழும்பிப் போகிற வசந்தி நான்தான். ஏதோ அவசர வேலை என்று நினைத்திருப்பீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை. பாட்டு முடிந்தால் தேத்தண்ணி வரும். தேத்தண்ணியோடு கேள்வியும் வரும். "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டவர்கள் இதை வாசிக்கும்போது தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். கண்டுகொள்ளட்டும்.

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கசப்பை வடித்துவிட்டு நன்மையை மட்டும் ஊற்றிக் கொடுக்க எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முப்பத்துமூன்று வயதில் கல்யாணம் நடந்தது. நான் யாழ்ப்பாணம், என் கணவர் அன்ரன் மன்னார். அவருக்கு மின்சார வேலை. கொஞ்சக் காலத்தில், ஓக்லாந்தின் தெற்குப் பக்கம் தகனினியில் ஒரு வீடு வாங்கினோம். வீட்டைக் காட்டிய முகவர் சின்ன அறையின் கதவைத் திறந்து, இது பிள்ளைக்கு என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்ரன் தன் வயர்ச் சுருள்களை அந்த அறையில் வைத்தபோது, கொஞ்ச நாளைக்குத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு பொருத்தனை செய்தேன். ஆண்டவர் ஒரு பிள்ளை தந்தால், அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து இந்தச் சபையில் சாட்சி சொல்வேன் என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் என் வயிற்றைத்தான் முதலில் பார்த்தீர்கள். முகத்தை அதற்குப் பிறகுதான்.

பிள்ளைக்காகச் செய்கிற இந்த வைத்தியத்துக்கு என்ன செலவாகும் என்று சிலர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நான் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். தகுதி இருந்தால் அரசாங்கம் செலவழிக்கும். அந்தத் தகுதிக்குள் நுழைவதுதான் கஷ்டம். விசா ஒழுங்காக இருக்க வேண்டும், எடை அளவோடு இருக்க வேண்டும், வயது தாண்டியிருக்கக் கூடாது. எங்கள் விசா ஒழுங்காக வருவதற்குள் என் வயது அந்த எல்லைக்குக் கிட்டே வந்துவிட்டது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். மழையிலும் பனியிலும் பூங்காவைச் சுற்றி ஓடினேன். என்னோடு ஓடிய பெண்கள் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அரசாங்க வரிசையில் எங்கள் முறை வந்தது. என்னிடமிருந்து சில கருமுட்டைகள்தான் எடுக்க முடிந்தது. ஒன்றும் கருவாகவில்லை. அடுத்த தடவை எங்கள் சொந்தக் காசு. ஒரு நல்ல கார் வாங்கும் காசு அது. முதல் நாள் சொல்லும் விலையை நம்பாதீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் தெளிவாகத்தான் எழுதித் தருகிறார்கள். ஆசையில் வாசிக்கிறவளுக்குத்தான் கண் தெரிவதில்லை. ஊசி மருந்து வேறு, மயக்க மருந்து வேறு, பரிசோதனை வேறு, உறைய வைப்பது வேறு. உறைய வைத்த கருவை வைத்திருக்க வருடா வருடம் கட்ட வேண்டும். இந்த ஓக்லாந்தில், பிறக்காத பிள்ளைக்கும் வாடகை உண்டு. சம்பளமில்லாத விடுமுறையும் மேலாளரிடம் சொன்ன பொய்களும் அந்தக் கணக்கில் வராது.

அதுவும் பலிக்கவில்லை. வைத்தியர் நல்ல மனுஷி. கதிரையை இழுத்து எனக்குக் கிட்டே போட்டுக்கொண்டு கதைத்தார். என் முட்டைகளால் இனிப் பலன் இருக்காது, இன்னொரு பெண் தந்தால் வழி உண்டு என்றார். எனக்கு உடனே வாயில் வந்த கேள்வி, அதற்கு எவ்வளவு என்பதுதான். இந்த நாட்டில் அதை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது என்றார். யாராவது மனமுவந்து சும்மா தர வேண்டும். முகம் தெரியாத ஒருத்திக்காகக் காத்திருந்தால் வருடங்கள் போகும். தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்றார்.

எப்படிக் கேட்பது? பக்கத்து வீட்டில் சீனி கேட்கலாம், புல் வெட்டும் இயந்திரம் கேட்கலாம். இதை எந்த வாயால் கேட்பது? நான் யாரையும் கேட்கவில்லை.

ஷீலாவை உங்களில் பலருக்குத் தெரியும். மலேசியாவில் கிள்ளானில் இருந்து வந்த பிள்ளை, டேனியலின் மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகளின் தாய். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவளுக்கும் எனக்கும் மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. அவள் தட்டுகளில் சாப்பாடு அடுக்கும் வரிசையில் நிற்பவள். நான் தரம் பார்ப்பவள். காலையில் உள்ளே வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பதும் என் வேலைதான். நகம், காயம், நகை மூன்றையும் பார்ப்பேன். மோதிரம் இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். எல்லோரும் இரண்டு கைகளையும் நீட்டுவார்கள், நான் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். ஷீலாவும் நானும் ஒரே காரில்தான் போய்வருவோம், ஒரு கிழமை என் கார், அடுத்த கிழமை அவள் கார்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் கார்கள் நகராமல் நின்றன. எனக்கு அன்று அழுகை அடங்கவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, அதே காரில் வைத்துச் சொன்னாள்.

"என்னோடத எடுத்துக்குங்கக்கா. எனக்கு ரெண்டு பையன் போதும்லா. இதுக்கு மேல எனக்கு எதுக்கு?"

பழைய சட்டை ஒன்றைத் தருகிறவள் கதைப்பது போலக் கதைத்தாள். டேனியலிடம் கேட்டாயா என்றேன். அவர்தான் முதலில் சொன்னார் என்றாள். இரண்டு பேரும் எங்களுக்காக ஜெபித்துவிட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். என் வயிற்றுக்காக ஜெபித்தவர்கள் சபையில் நிறையப் பேர். தன் வயிற்றில் இருப்பதைத் தருகிறேன் என்றவள் இவள் ஒருத்திதான்.

பரிசோதனைகள் நடந்தன. எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் நாங்கள் மச்சாளிடம் சொன்னோம். அன்ரனின் அக்கா, மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீட்டில் இருக்கிறவர். எங்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர், அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. கேட்டவுடன் அவர் முதலில் கேட்டது, அந்தப் பிள்ளை என்ன ஆக்கள், என்ன சாதி என்பதுதான். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர் இவர். பிறகு அடுத்ததைச் சொன்னார்.

"வெறுங்கையோடையே வாங்கப் போறீர்? ஒரு சோடிக் காப்புப் போட்டுவிடும். பிறகு நாளைக்கு அவள் வந்து என்ர பிள்ளை எண்டு கதைக்கேலாது."

இதை நான் கெட்ட புத்தி என்று அப்போது நினைக்கவில்லை. ஞாயமாகத்தான் பட்டது. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாத வீட்டில் வளர்ந்தவள் நான். அயல்வீட்டில் இருந்து கறி வந்தால், கழுவின கோப்பைக்குள் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அம்மா அனுப்புவா. ஒரு கறிக்கே அப்படி என்றால், இதற்கு என்ன போடுவது?

என் கல்யாணத்துக்கு அம்மா போட்ட காப்பு ஒரு சோடி இருந்தது. ஆராதனை முடிந்த ஒரு ஞாயிறு, தட்டில் சேலையும் பழமும் அந்தக் காப்பும் வைத்து ஷீலா வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பின்னாலே இழுத்தாள். டேனியலின் முகம் மாறியது. நான் விடவில்லை. அவள் கையைப் பிடித்து, கிரீம் பூசி, நானே ஏற்றிவிட்டேன். அவளுக்கு அது இறுக்கம். மணிக்கட்டு சிவந்துபோனது. எனக்கு மட்டும் மனதில் பெரிய நிம்மதி. வீட்டுக்கு வரும் வழியில் அன்ரனிடம், இனி எங்களுக்கு ஒரு கடனும் இல்லை என்று சொன்னேன்.

அதற்கு அடுத்த கிழமை நாங்கள் நாலு பேரும் வைத்திய நிலையத்தின் ஆலோசகர் முன்னால் இருந்தோம். இது கட்டாயம். தருகிறவர், வாங்குகிறவர், இருவரின் துணைகள், எல்லோரும் ஒன்றாக இருந்து கதைக்க வேண்டும். பிள்ளை வளர்ந்தால் யாருடைய முட்டை என்று அறிய அதற்கு உரிமை உண்டு என்று விளக்கினார். மச்சாள் இதைக் கேட்டால் மயங்கி விழுவா என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு ஷீலாவைப் பார்த்து, உங்களுக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்களா, கொடுப்பதாகச் சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

ஷீலா என்னைப் பார்த்தாள். பிறகு, அக்கா காப்புக் கொடுத்தாங்க என்றாள். தங்கமா என்று ஆலோசகர் கேட்டார். தங்கம்தான் என்றாள்.

அன்ரன் எங்கள் வழக்கத்தை விளக்கினார். ஆலோசகர் நல்ல விதமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதைக்குச் செய்தீர்கள் என்று எனக்கு விளங்குகிறது, ஆனால் பெறுமதியான எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இந்த நாட்டுச் சட்டப்படி அது குற்றம் என்றார். காப்பைத் திருப்பி எடுத்துவிட்டு வாருங்கள், மறுபடி தனித்தனியாக இருந்து கதைப்போம், அதுவரை இதை நிறுத்தி வைக்கிறோம் என்றார். எனக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். குற்றம். என் அம்மாவின் காப்பு குற்றம்.

வெளியே வந்ததும் ஷீலா கைப்பையைத் திறந்து காப்பை எடுத்து நீட்டினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வம்சம் இல்லை நாங்கள் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்றும் கேட்டேன். கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் பார்க்கத்தான் கேட்டேன்.

அன்ரன் அன்றைக்கே சொன்னார். "அதைத் திருப்பி வாங்கும். அதில எங்களுக்கு என்ன குறைவு?" குறைவுதான் என்றேன். ஒரு முறை கொடுத்த சீதனத்தைத் திருப்பிக் கேட்டவன் என்று ஊரில் ஒருத்தருக்குப் பட்டப்பெயரே இருந்தது. அந்தப் பெயரோடுதான் அவரைப் புதைத்தார்கள். நீங்கள் சிரிக்கலாம். எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

அதோடு ஒரே காரில் போவது நின்றது. அவள் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், நான் கதவைத் திறக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் தப்ப முடியாது. ஒவ்வொரு காலையும் வரிசையில் வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டுவாள். வெறுங்கைகள். நான் பார்ப்பேன், தலையாட்டுவேன். ஒரு வார்த்தை கதைக்க மாட்டேன். கோடை போய், இலையுதிர்காலம் போய், குளிர் வந்துவிட்டது. என் வயதில் ஒரு மாதம் என்பது என்ன விலை என்று வைத்தியரின் பட்டியலில் போட்டிருக்கவில்லை. அதை நானே தெரிந்துகொண்டேன்.

ஜெபித்தேனா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். ஒரு காலை காரை ஓட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். ஆண்டவரே, நீர் பிள்ளை தராவிட்டாலும் பரவாயில்லை, அவள் முகத்தில் நான் விழிக்காமல் இருக்க ஒரு வழி பண்ணும், அவளை வேறு ஷிஃப்டுக்கு மாற்றிவிடும். இதைத்தான் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அன்று காலை மழை இருட்டில் காரின் முன்விளக்கை அணைக்க மறந்துபோனேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் கார் உயிர்விட்டுக் கிடந்தது. அன்ரன் எங்கோ ஒரு கூரைக்குள் வேலையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. மின்சாரக்காரரின் மனைவி நான், என் காரில் ஒரு துண்டு வயர் இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள். தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்போது ஒரு கார் திரும்பி வந்து என் காருக்கு மூக்கோடு மூக்காக நின்றது. ஷீலா.

ஆண்டவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவள் ஒன்றும் கேட்காமல் பின்பக்கத்தைத் திறந்து வயரை எடுத்தாள். இரண்டு பற்றரிக்கும் கொழுவினாள். மழை அவள் தலையில் கொட்டியது. இன்னும் கொஞ்சம் பொறுங்க, சார்ஜ் ஏறட்டும் என்றாள். இரண்டு பேரும் மழையில் நின்றோம். அப்போதுதான் சொன்னாள்.

"நான் ஒங்கள மாட்டிவிடணும்னு சொல்லலக்கா. அவங்க கேட்டாங்க. நான் பொய் சொன்னா அந்தப் பிள்ள பொய்யிலயே பொறக்கும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"அந்தக் காப்ப நீங்க போட்டப்ப, கூலி குடுத்து அனுப்புற மாதிரி இருந்துச்சிக்கா. நான் கூலிக்கா வந்தேன்?"

அவள் சொன்னது உண்மை. மரியாதை என்று நான் சொன்னாலும், நான் போட்டது கூலிதான். கணக்கை முடித்து, கதவைச் சாத்தி, நாளைக்கு அவள் என் வாசலில் நிற்காதபடி போட்ட பூட்டு அது. மச்சாள் அதை வாய்விட்டுச் சொன்னார். நான் சொல்லாமல் செய்தேன். சபைக்கு வராத, ஜெபிக்காத ஆட்கள் கூடிப் போட்ட ஒரு சட்டத்துக்கு இது தெரிந்திருந்தது. கிருபை, கிருபை என்று சின்ன வயதில் இருந்து பாடி வந்த எனக்குத் தெரியவில்லை. சும்மா தருவதைச் சும்மா வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டுத்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அவள் மதியச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். காப்பு அதற்குள் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது. இத்தனை மாதமும் தினமும் கொண்டுவந்திருக்கிறாள், நான் என்றைக்காவது கதைத்தால் கொடுப்பதற்கு. நான் ஈரக் கையை நீட்டினேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாக, கொடுத்ததைத் திருப்பி வாங்கினேன். என் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஆலோசகரிடம் திரும்பிப் போனோம். தனித்தனியாகவும் ஒன்றாகவும் மறுபடி கதைத்தோம். அனுமதி கிடைத்தது. ஷீலா தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். வயிறு ஊதி, காற்சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல், மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டு வேலைக்கு வந்தாள். காலையில் கையை நீட்டும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. போய்வருகிற செலவைக் கொடுக்கச் சட்டம் விடுகிறது என்று பெட்ரோல் ரசீதைக் கேட்டேன். அதைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்றாள். முட்டை எடுக்கிற நாளில் அவள் மயக்கம் தெளியும்வரை டேனியல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தோம். கண் விழித்ததும், போதுமான அளவு கிடைச்சுச்சா என்றுதான் கேட்டாள்.

மூன்று கருக்கள் தேறின. முதலாவது தங்கவில்லை. இரண்டாவதுக்குக் காசு போதவில்லை. அன்ரன் எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார். நான் அம்மாவின் காப்பை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். விற்ற காசைக் கொண்டுபோய் வைத்திய நிலையத்தில் கட்டினேன். அன்பாகச் சிரித்து வாங்கி ரசீது தந்தார்கள். அதே காப்புத்தான். ஷீலா வாங்கினால் குற்றம், காசாளர் வாங்கினால் ரசீது. காரில் வரும்போது இதை ஷீலாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அப்படிச் சிரிக்க நாள் வரவில்லை.

இரண்டாவது தங்கியது. உங்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஷீலாவுக்கும் சொல்லவில்லை, அவள் காலையில் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். திரையில் ஒரு சின்னத் துடிப்பைப் பார்த்தோம். அன்ரன் அன்று பின்னேரமே சின்ன அறையில் இருந்த வயர்ச் சுருள்களைக் கராஜுக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் மாதம் முடியுமுன்னே அது போய்விட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன். மூன்றாவது கரு, உறைநிலையில் இருந்து எடுத்தபோது பிழைக்கவில்லை. வைத்தியர் மறுபடியும் கதிரையைக் கிட்டே இழுத்தார். இந்த முறை அவர் சொல்லாமலே எனக்கு விளங்கியது. இனி இல்லை. கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

ஆண்டவர் மேல் எனக்குக் கோபமா? ஆமாம். இன்னும் இருக்கிறது. அவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் அந்த நாட்களில் நான் அதிகம் பயந்தது ஷீலாவுக்குத்தான். அவள் பட்ட ஊசி, வலி, எல்லாம் வீண். ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அவளை ஞானத்தாயாக நிறுத்தியிருப்பேன், ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன், ஏதோ ஒரு விதத்தில் ஈடுசெய்தேன் என்று இருந்திருப்பேன். இப்போது என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. காப்பும் இல்லை, பிள்ளையும் இல்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன்.

அவள் வந்தாள். அன்ரன் கதவைத் திறந்துவிட்டார். கையில் மூடிபோட்ட ஒரு சட்டி, கோழி ரசம், சோறு. நேரே குசினிக்குப் போய்த் தட்டெடுத்து, போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியலக்கா. சாப்புடுங்க."

சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் இருந்து அழுதாள். ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டவர் இதற்கு மேலான ஒன்றை வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோடி புண்ணியம். நான் சாப்பிட்டு முடிந்ததும் எழும்பிப் போய்விட்டாள். சட்டி இங்கேதான் இருந்தது.

வேலைக்குத் திரும்புகிற நாள் காலையில் அந்தச் சட்டியைக் கழுவித் துடைத்தேன். பிறகு என் கை தானாகவே அலுமாரியைத் திறந்தது. சீனி டப்பாவை எடுத்தேன், வைத்தேன். நாலு அப்பிள் எடுத்துச் சட்டிக்குள் போட்டேன். மூடினேன். மறுபடி திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சிரிக்காதீர்கள், காப்பைத் திருப்பி வாங்கியதைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மா குசினி வாசலில் நின்று பார்ப்பது போல இருந்தது.

அந்தக் கிழமை அவள் கார். ஏறியிருந்து சட்டியை நீட்டினேன். அவள் பழக்கத்தில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவள் மூடியைப் போட்டு, சட்டியைப் பின் இருக்கையில் வைத்தாள்.

"பெல்ட் போடுங்கக்கா, லேட்டாவுது" என்றாள். கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது. வேலையிடத்து வாசலில் அவள் வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் என் வெறுங்கைகளையும் நீட்டினேன். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதுதான் என் சாட்சி. பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்து சொல்வேன் என்று பொருத்தனை செய்தேன். ஏந்த ஒன்றும் இல்லை. சொல்வது மட்டும் என் கையில் இருந்தது, அதைச் செய்துவிட்டேன். அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நான் கேட்ட நாளிலேயே ஆண்டவர் அவளை மழையில் திருப்பி அனுப்பினார். கேட்டது கிடைக்கவில்லை, அதற்காகவே ஸ்தோத்திரம். பிள்ளையைக் கேட்டதும் கிடைக்கவில்லை. அதற்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வருகிறபோது சொல்வேன்.

அடுத்த ஞாயிறு கடைசிப் பாட்டுக்குப் பிறகும் இருப்பேன். தேத்தண்ணி குடிப்பேன். கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள். இல்லை, இனியும் இல்லை என்று சொல்வேன்.

கதவுக்கு மற்றப் பக்கத்துக் கதிரையில் இப்போது இன்னொரு பிள்ளை வந்து இருக்கிறாள். யாரென்று சொல்ல மாட்டேன். அவளும் பாட்டு முடியுமுன் எழும்புகிறாள். தங்கச்சி, இதை நீ வாசித்தால், ஆண்டவரிடம் வரும்போது கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். கோபம் இருந்தால் அதோடு வா, அவர் தாங்குவார். ஞாயிறு என் பக்கத்தில் உனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கிறேன். நான் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன்.